இதயக் குறையுள்ள சிசுவின் நுரையீரல் ரத்த ஓட்டத்தை 30 வாரத்துக்குப் பிறகு மறுபடி ஏன் பார்க்கிறார்கள்?

ஒரு தம்பதி கேட்டிருக்கும் கேள்வி இது. 21ஆம் வாரத்து அனாமலி ஸ்கேனில் சிசுவின் இதயத்தில் பிறவிக் குறை இருப்பது தெரிந்திருக்கிறது. ஃபீட்டல் எக்கோவும் (சிசுவின் இதயத்தைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட்) எடுத்துக் குறை இன்னதென்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகும், "நுரையீரலின் ரத்த ஓட்டத்தை 30 வாரத்துக்கு மேல் மறுபடி பார்க்க வேண்டும், பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதை அதற்குப் பிறகுதான் முடிவு செய்ய முடியும்" என்கிறாராம் மருத்துவர். வயிற்றுக்குள் மூச்சே விடாத குழந்தையின் நுரையீரலில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, ஒருமுறை பார்த்தது போதாதா என்று கேட்கிறார்கள். குறையின் பெயரை அவர்கள் எழுதவில்லை. ஆகவே, நுரையீரல் ஓட்டம் குழந்தையின் முதல் நாளையே தீர்மானிக்கக்கூடிய சில குறைகளை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன்.

சுருக்கமான விடை முதலில். வயிற்றுக்குள் நுரையீரல் ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காக இந்தச் சோதனை செய்யப்படுவதில்லை, ஏனென்றால் வயிற்றுக்குள் அந்த ஓட்டம் மிகக் குறைவாக இருந்தாலும் சிசு நன்றாகவே வளரும். தொப்புள்கொடியை வெட்டியதும், அதுவரை இதயத்திலிருந்து வெளியேறும் ரத்தத்தில் சிறு பங்கை மட்டும் வாங்கிக்கொண்டிருந்த நுரையீரல் ஏறக்குறைய முழு ரத்தத்தையும் ஏற்க வேண்டிவரும். அப்போது ரத்தம் உள்ளே போக வழி இருக்குமா, உள்ளிருக்கும் நாளங்கள் தளர்ந்து கொடுக்குமா, ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் திரும்பி வர வழி இருக்குமா என்பதை முன்கூட்டியே கணிப்பதுதான் நோக்கம். 21ஆம் வாரத்தில் இந்தக் கணிப்புக்கு வேண்டிய தகவலில் பாதிகூட நமக்குக் கிடைப்பதில்லை.

ஏன் கிடைப்பதில்லை என்பதற்கு, சிசுவின் ரத்த ஓட்டப் பாதையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். சிசுவுக்கு ஆக்ஸிஜன் தருவது நஞ்சுக்கொடி. அங்கிருந்து தொப்புள்கொடிச் சிரை வழியாக வரும் நல்ல ரத்தம் வலது மேலறைக்கு வந்து, இரண்டு மேலறைகளுக்கும் இடைப்பட்ட சுவரிலுள்ள ஃபொராமென் ஓவேல் என்ற திறப்பின் வழியாகப் பெருமளவு இடப்பக்கம் கடந்து, இதயத் தசைக்கும் மூளைக்கும் செல்கிறது. வலது கீழறை தள்ளும் ரத்தம் நுரையீரல் தமனிக்குள் நுழைந்தாலும், அதில் பெரும்பங்கு நுரையீரலுக்குள் போவதில்லை. டக்டஸ் ஆர்டீரியோசஸ் என்ற இணைப்புக் குழாய் வழியாக அது பெருந்தமனிக்குப் போய்ச் சேர்கிறது. நுரையீரலுக்குள் காற்றுக்குப் பதில் திரவம் நிறைந்திருப்பதாலும், சுற்றிலும் ஆக்ஸிஜன் அளவு குறைவாக இருப்பதாலும், அதன் நாளங்கள் இறுகிக் கிடக்கின்றன. மேட்டு வயலுக்கு ஏறாத தண்ணீர் திறந்திருக்கும் மடை வழியே பள்ளத்துக்குப் போவதைப் போல, ரத்தம் எதிர்ப்பு குறைந்த டக்டஸ் வழியைத் தேர்ந்துகொள்கிறது.

பிறந்து முதல் மூச்சு விட்டதும் இந்த நிலை தலைகீழாகும். 1953இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜெஃப்ரி டாஸும் அவருடைய குழுவினரும் செம்மறியாட்டுக் கருக்களின் நுரையீரலைக் காற்றால் விரித்து, அப்போது நுரையீரல் ரத்த ஓட்டம் பல மடங்கு கூடுவதை அளந்து காட்டினார்கள். மனிதச் சிசுக்களில் டாப்ளர் (ரத்தம் ஓடும் வேகத்தையும் திசையையும் காட்டும் அல்ட்ராசவுண்ட்) மூலம் செய்யப்பட்டு 1996இல் வெளியான ரஸானென் குழுவின் ஆய்வு, பிறப்புக்கு முந்தைய வாரங்களிலும் இந்த ஓட்டம் ஒரே நிலையில் இருப்பதில்லை என்று காட்டியது. இரண்டு கீழறைகளும் சேர்ந்து தள்ளும் மொத்த ரத்தத்தில் நுரையீரலுக்குப் போன பங்கு 20ஆம் வாரத்தில் 13 சதவீதமாகவும், 30ஆம் வாரத்தில் 25 சதவீதமாகவும், 38ஆம் வாரத்தில் 21 சதவீதமாகவும் இருந்தது. பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. மூலம் அளந்தவர்களுக்கு இதைவிடக் குறைந்த எண்கள் கிடைத்திருக்கின்றன. ஆனாலும் நுரையீரல் நாளங்களின் குணம் வாரத்துக்கு வாரம் மாறுகிறது என்ற அடிப்படை மாறவில்லை. அதே குழு 1998இல் இன்னொன்றையும் காட்டியது. தாய்க்குக் கூடுதல் ஆக்ஸிஜன் கொடுத்தபோது, 20 முதல் 26 வாரச் சிசுக்களின் நுரையீரல் நாளங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. 31 முதல் 36 வாரச் சிசுக்களிலோ நாளங்கள் தளர்ந்து ஓட்டம் கூடியது. ஆக்ஸிஜனை உணர்ந்து தளரும் திறன் நுரையீரல் நாளங்களுக்கு மூன்றாவது டிரைமெஸ்டரில்தான், அதாவது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான், வெளிப்படையாகத் தெரிகிறது. 21ஆம் வாரத்தில், நல்ல நாளமும் கெட்ட நாளமும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தோன்றும்.

இனி குறைகளுக்கு வருவோம். நுரையீரல் ஓட்டத்தைக் கருவிலேயே கணிப்பது எவ்வளவு பயனுள்ளது என்பதை மிகத் தெளிவாகக் காட்டுவது ஹைப்போபிளாஸ்டிக் லெஃப்ட் ஹார்ட், அதாவது இதயத்தின் இடப்பக்கம் வளராமல் போகும் நிலை. நுரையீரலிலிருந்து இடது மேலறைக்குத் திரும்பும் ரத்தம் இங்கே இடது கீழறைக்குப் போக முடியாது. அதற்கு உள்ள ஒரே வழி, ஃபொராமென் ஓவேல் வழியாக இடமிருந்து வலமாகக் கடந்து வலது மேலறைக்குப் போவதுதான். பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்தத் திறப்பு போதுமான அளவு இருக்கும். சிலருக்கு அது மிகக் குறுகியிருக்கும், இன்னும் சிலருக்கு முழுவதும் மூடியே இருக்கும். வயிற்றுக்குள் இருக்கும்போது நுரையீரலுக்குப் போகும் ரத்தமே கொஞ்சம் என்பதால், அது திரும்பி வர முடியாமல் தேங்கினாலும் சிசுவுக்கு வெளிப்படையாக ஒன்றும் நேராது. எடை கூடும், அசைவு நன்றாக இருக்கும், பனிக்குட நீரும் சரியாக இருக்கும். ஆனால் பல வாரங்கள் தொடரும் அந்த அழுத்தத்தால் நுரையீரல் சிரைகளின் சுவர் தடித்துத் தமனியைப் போல் ஆகிவிடும், நிணநீர் நாளங்களும் விரிந்துவிடும். பிறந்ததும் நுரையீரலுக்குள் ரத்தம் பெருகும்போது வெளியேற வழியில்லாததால், சில நிமிடங்களிலேயே குழந்தை கடுமையாக நீலம் பாய்ந்துவிடும். மற்ற ஹைப்போபிளாஸ்டிக் குழந்தைகளைக் காப்பாற்றிவைக்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்து இவர்களுக்குத் தனியாகப் போதாது, ஏனென்றால் அந்த மருந்து திறந்துவைப்பது டக்டஸை. இங்கே அடைபட்டிருப்பது மேலறைச் சுவர்.

இதைக் கருவிலேயே எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? திறப்பின் அகலத்தை அளப்பதைவிட, நுரையீரல் சிரையைப் பார்ப்பதே நம்பகமானது என்பது என் உறுதியான கருத்து. சிரையில் ரத்தம் மெதுவாகத்தான் ஓடும். ஆகவே எக்கோ பார்ப்பவர் முதலில் கலர் டாப்ளரின் வேக அளவைக் குறைத்துவைத்து, இடது மேலறைக்குள் சிரை நுழையும் இடத்தைத் தேடுவார். பிறகு சிரைக்குள், மேலறையின் வாய்க்குச் சற்று முன்னால், டாப்ளரின் அளவுப் புள்ளியை வைப்பார். சிசு மூச்சு விடுவது போன்ற அசைவுகளைச் செய்துகொண்டிருந்தால் அலை கலைந்துவிடும், அசைவு நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். பரிசோதனை நேரத்தில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்பிலேயே போய்விடுவதைத் தாய்மார்கள் கவனித்திருப்பார்கள். அலை தெளிவாகக் கிடைத்ததும் திரையில் ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் இரண்டு மேடுகள் தெரியும். ஒன்று கீழறை சுருங்கும்போது வருவது, மற்றது அது விரியும்போது வருவது. அடுத்து மேலறை சுருங்கும் கணத்தில், இயல்பான சிசுவில் ஓட்டம் குறையும், சற்று நிற்கும், அல்லது மிகச் சிறிதளவு பின்னோக்கிப் போகும். திறப்பு குறுகியிருந்தால், சுருங்கும் மேலறை ரத்தத்தை நுரையீரலுக்கே திருப்பித் தள்ளுவதால், கோட்டுக்குக் கீழே ஆழமான ஒரு பள்ளம் விழும். முற்றிலும் அடைபட்டிருந்தால் மேடும் பள்ளமுமாக, முன்னும் பின்னும் ஆடும் இரண்டு குறுகிய கூர்முனைகளே மிஞ்சும்.

இதை எண்ணாகவும் சொல்லலாம். முன்னோக்கிய ஓட்டத்தின் பரப்பைப் பின்னோக்கிய ஓட்டத்தின் பரப்பால் வகுத்துக் கிடைக்கும் விகிதம் அது. சின்சினாட்டி மருத்துவர்கள் 2005இல் இந்த விகிதம் 5க்குக் கீழே போனால் பிறந்தவுடன் மேலறைச் சுவரைத் திறக்க வேண்டிவரலாம் என்று சொன்னார்கள். 2011இல் எல்லையை 3 என்று இறக்கினார்கள். எல்லையைக் குறைத்தால் தேவையற்ற எச்சரிக்கைகள் குறையும் என்பது உண்மைதான். ஆனால் 3க்கும் 5க்கும் இடையில் வரும் குழந்தையை ஆபத்தில்லாதவர் பட்டியலில் சேர்க்கக் கூடாது. ஒரே முறை அளந்த எண்ணைவிட, 28ஆம் வாரத்தில் 6 என்றிருந்தது 34ஆம் வாரத்தில் 4 ஆனதா, 6 ஆகவே நின்றதா என்பதுதான் முக்கியம். அதற்காகத்தான் மறுபடி வரச் சொல்கிறார்கள்.

சிரை தேக்கத்தைக் காட்டும். தமனி, நாளங்கள் தளருமா என்பதைக் காட்டும். ஃபிலடெல்ஃபியாவில் ஜாக் ரிச்சிக் குழுவினர் 2010இல் வெளியிட்ட முறை இதற்கு உதவுகிறது. தாய்க்கு மாஸ்க் வழியாகச் சுமார் 60 சதவீத ஆக்ஸிஜனைப் பத்து நிமிடம் கொடுத்து, சிசுவின் நுரையீரல் கிளைத் தமனியில் டாப்ளர் பி.ஐ. எண்ணை (நாளத்தின் எதிர்ப்பைக் காட்டும் குறியீடு) முன்னும் பின்னும் அளப்பார்கள். நாளம் தளர்ந்தால் எண் இறங்கும். இறக்கம் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த ஹைப்போபிளாஸ்டிக் குழந்தைகளே பிறந்தவுடன் அவசரத் தலையீடு தேவைப்பட்டவர்கள் என்று அவர்கள் கண்டார்கள். இந்தச் சோதனையை எல்லா மையங்களிலும் வழக்கமாகச் செய்வதில்லை. செய்யப்படாவிட்டால் பரிசோதனை அரைகுறையாகிவிட்டது என்று நினைக்க வேண்டியதில்லை, சிரையின் டாப்ளர் தெளிவாக இருந்தாலே பெரும்பாலான முடிவுகளை எடுத்துவிடலாம். "அப்படியானால் தினமும் ஆக்ஸிஜன் எடுத்துக்கொண்டால் குழந்தைக்கு நல்லதா" என்று கேட்பவர்களும் உண்டு. சோதனைக்காகப் பத்து நிமிடம் கொடுப்பது வேறு, வாரக்கணக்கில் கொடுப்பது வேறு. ஆக்ஸிஜன் கூடினால் டக்டஸ் சுருங்கத் தொடங்கும் என்பதால், மருத்துவக் குழுவின் கண்காணிப்புக்கு வெளியே அதை யாரும் செய்யக் கூடாது.

மேலறைச் சுவர் மூடியிருப்பது உறுதியானால் என்ன செய்வார்கள்? தாயின் வயிற்றின் வழியாக ஊசியைச் செலுத்தி, சிசுவின் மார்பைத் துளைத்து, மேலறைச் சுவரில் பலூனால் திறப்பு உண்டாக்கும் முறையை பாஸ்டன் சிறார் மருத்துவமனைக் குழு 2004இல் விவரித்தது. உலகில் மிகச் சில மையங்களில் மட்டும் நடக்கும் சிகிச்சை அது. ஆபத்தும் அதிகம். மற்ற இடங்களில், கேத் லேபுக்கு (நாளத்தின் வழியே குழாய் செலுத்தி இதயச் சிகிச்சை செய்யும் அறை) பக்கத்திலேயே பிரசவத்தை வைத்துக்கொண்டு, பிறந்த சில நிமிடங்களில் குழந்தையை அங்கே கொண்டுபோய்ச் சுவரைத் திறப்பார்கள். திறந்த பின்னும் இந்தக் குழந்தைகள் மற்ற ஹைப்போபிளாஸ்டிக் குழந்தைகளைவிடக் குறைவாகவே பிழைக்கிறார்கள் என்பதை மறைக்கக் கூடாது. நாளங்களில் பல வாரங்களாக ஏற்பட்ட தடிப்பு ஒரே நாளில் மறைவதில்லை.

அடுத்தது டிரான்ஸ்பொசிஷன், அதாவது பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிப் புறப்படும் குறை. இதில் நுரையீரலின் நிலை நேர்மாறானது. நஞ்சுக்கொடியிலிருந்து வரும் நல்ல ரத்தம் ஃபொராமென் ஓவேலைக் கடந்து இடது கீழறைக்கு வந்து, அங்கிருந்து புறப்படும் நுரையீரல் தமனிக்குள் போகிறது. இயல்பான சிசுவைவிட அதிக ஆக்ஸிஜனுள்ள ரத்தம் நுரையீரலுக்குக் கிடைப்பதால், அதன் நாளங்கள் முன்கூட்டியே தளர்ந்து ஓட்டம் கூடுகிறது. கூடுதலாகத் திரும்பி வரும் ரத்தம் இடது மேலறையின் அழுத்தத்தை ஏற்றி, ஃபொராமென் ஓவேலின் மடலை மூடப் பார்க்கிறது. அதே நல்ல ரத்தம் டக்டஸ் வழியாகவும் ஓடுவதால் டக்டஸும் சுருங்கலாம். பிறந்த பிறகு இந்தக் குழந்தையின் உடலும் நுரையீரலும் இரண்டு தனித்தனி வட்டங்களாகச் சுற்றும். இரண்டும் கலப்பதற்கு மேலறைச் சுவரின் திறப்பே முக்கிய வழி. அது மூடிவிட்டால், ஃபிலடெல்ஃபியாவின் வில்லியம் ராஷ்கைண்ட் 1966இல் அறிமுகப்படுத்திய பலூன் முறையில் சுவரைக் கிழித்துத் திறக்க வேண்டும்.

எனவே டிரான்ஸ்பொசிஷனில் மூன்றாவது டிரைமெஸ்டர் எக்கோவில் பார்ப்பது முக்கியமாக அந்த மடலின் அசைவு. அது இடது மேலறைக்குள் பாதி தூரத்துக்கு மேல் புடைத்து அலைகிறதா, அல்லது அசையாமல் சுவரோடு ஒட்டித் தட்டையாக நிற்கிறதா என்று பார்ப்பார்கள். கூடவே டக்டஸின் அகலமும், அதில் ரத்தம் இரு திசைகளிலும் போகிறதா என்பதும் குறிக்கப்படும். மடல் இப்படி இருந்தாலோ, டக்டஸ் குறுகியோ இருதிசை ஓட்டத்தோடோ இருந்தாலோ அது எச்சரிக்கை. ஆனால் இவை இல்லாவிட்டால் நிம்மதி என்று சொல்ல முடியாது. 2004இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், பிறந்தவுடன் நெருக்கடிக்குள்ளான குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேரை மட்டுமே இந்த அறிகுறிகள் முன்கூட்டிக் காட்டின. சில குழந்தைகளுக்கு, வயிற்றுக்குள் நன்றாகத் தெரிந்த நுரையீரல் நாளங்கள் பிறந்த பிறகு இறுகி, திறப்பைச் சரிசெய்த பின்னும் ஆக்ஸிஜன் ஏறாத நிலையும் வருவதுண்டு. இதனால் நான் வந்தடைந்த முடிவு எளிமையானது: அறிக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும், டிரான்ஸ்பொசிஷன் என்று தெரிந்த ஒவ்வொரு குழந்தையும் பலூன் சிகிச்சை உடனே கிடைக்கும் இடத்தில்தான் பிறக்க வேண்டும். பாரிஸில் 1999இல் வெளியிடப்பட்ட ஒப்பீடு இதற்கு வலுவான ஆதாரம். பிறந்த பிறகு கண்டறியப்பட்ட 250 குழந்தைகளில் அறுவைக்கு முன்பே இறந்தவர்கள் 6 சதவீதம். கருவிலேயே கண்டறிந்து சரியான இடத்தில் பிறக்கவைத்த 68 குழந்தைகளில் அப்படி இறந்தவர் ஒருவரும் இல்லை.

நுரையீரல் வால்வு அடைபட்ட பல்மனரி அட்ரீசியா, நுரையீரலுக்குப் போகும் பாதை குறுகியிருக்கும் கடுமையான ஃபாலட்ஸ் டெட்ராலஜி ஆகியவற்றில் கேள்வி வேறு. நாளங்கள் தளருமா என்ற கவலை அங்கே பெரும்பாலும் இல்லை, ரத்தம் உள்ளே போக வழி இருக்கிறதா என்பதே கவலை. வலது கீழறையிலிருந்து நுரையீரல் தமனிக்குப் போதிய ரத்தம் போகாதபோது, டக்டஸில் ஓட்டம் திசை மாறி, பெருந்தமனியிலிருந்து நுரையீரல் தமனிக்குப் பின்னோக்கிப் பாயும். அறிக்கையில் டக்டஸ் ஓட்டம் திசை மாறியிருக்கிறது என்று எழுதியிருந்தால், பிறந்த பிறகு குழந்தையின் நுரையீரல் அந்தக் குழாயையே நம்பியிருக்கும் என்று பொருள். பிறந்த சில மணி முதல் சில நாட்களுக்குள் டக்டஸ் தானாக மூடத் தொடங்கும் என்பதால், புரோஸ்டாகிளாண்டின் சொட்டு மருந்து தயாராக இருக்க வேண்டும். கிளைத் தமனிகளின் விட்டத்தை ஒவ்வொரு முறையும் அளந்து, அவை சிசுவின் வயதுக்கேற்ப வளர்கின்றனவா என்று பார்ப்பது பிற்கால அறுவைக்கும் உதவும். டக்டஸே காணவில்லை என்றால், பெருந்தமனியிலிருந்து நேராக நுரையீரலுக்குச் செல்லும் கிளை நாளங்களைத் தேட வேண்டும். அவை இருக்கும் குழந்தைக்குப் பிறந்தவுடன் அவசரம் குறைவு. ஆனால் பின்னாளில் அறுவை கடினமாக இருக்கும்.

எப்ஸ்டீன் குறையைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியாக வேண்டும். வலது மேலறைக்கும் வலது கீழறைக்கும் நடுவிலுள்ள டிரைகஸ்பிட் வால்வு கீழிறங்கிக் கசிவதால் வலது மேலறை மிகப் பெரிதாகி, நுரையீரலுக்கு இடமில்லாமல் நெருக்கிவிடும். நுரையீரல் வால்வும் கசிந்தால், டக்டஸ் வழியாகப் பின்னோக்கி வரும் ரத்தம் அந்த வால்வுக்குள் கசிந்து, வலது கீழறை, வலது மேலறை, இடப்பக்கம், பெருந்தமனி என்று சுற்றி மறுபடி டக்டஸுக்கே வந்துவிடும். உடலுக்குப் போக வேண்டிய ரத்தம் இப்படி வீணாகச் சுழல்வதைக் கண்டால் தொடர் கண்காணிப்பைச் சில நாட்களுக்கு ஒருமுறை என்று நெருக்க வேண்டும். வட அமெரிக்காவின் பல மையங்கள் சேர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், எப்ஸ்டீனும் அதையொத்த வால்வுக் குறையும் கொண்ட 243 சிசுக்களில் 45 சதவீதத்தினர் பிறப்பை ஒட்டிய காலத்தில் இறந்திருந்தார்கள். நுரையீரல் வால்வின் கசிவு ஆபத்தைக் காட்டும் அறிகுறிகளில் ஒன்றாக அதில் வந்தது. நுரையீரல் சிரைகள் இடது மேலறையில் சேராமல் வேறிடத்தில் சேரும் குறையோ, கருவில் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் நாடுகளின் ஆய்வொன்றில் உயிருடன் பிறந்த 424 குழந்தைகளில் 2 சதவீதத்துக்கும் குறைவானவர்களே கருவில் கண்டறியப்பட்டிருந்தார்கள். இதயத்தின் நான்கு அறைகளைப் பார்க்கும்போது, ஒரு சிரையாவது இடது மேலறைக்குள் நுழைவதைக் கலர் டாப்ளரில் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

இந்தச் சோதனையின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். வயிற்றுக்குள் அளக்கும் எந்த எண்ணும், காற்று நிறைந்த நுரையீரலில் நாளங்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை நேரடியாகக் காட்டாது. எல்லா எண்களும் மறைமுகக் குறிப்புகள்தாம். சிசு முதுகை மேலே காட்டிப் படுத்திருந்தாலோ, தாயின் வயிற்றுச் சுவர் தடித்திருந்தாலோ, 34 வாரத்துக்குப் பிறகு விலா எலும்புகளின் நிழல் விழுந்தாலோ அலை தெளிவாகக் கிடைக்காது. அப்படி நேர்ந்தால் சில நாட்கள் கழித்து வரச் சொல்வது நல்ல மருத்துவம். தெளிவில்லாத அலையிலிருந்து எண் எழுதுவதுதான் தவறு.

காலம் தொடர்பான சங்கடமும் ஒன்று உண்டு. இந்தியாவில் 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டத்தின்படி, 24 வாரத்துக்கு மேல் கருவைக் கலைப்பதென்றால், சிசுவுக்குக் கடுமையான குறை இருப்பதாக மாநில மருத்துவ வாரியம் ஏற்றுக்கொண்டால்தான் முடியும். நுரையீரலைப் பற்றிய தெளிவு வருவதோ 28 வாரத்துக்கு மேல். ஆகவே 21ஆம் வாரத்தில் இதயக் குறையின் தன்மையை விளக்கும்போதே, நுரையீரல் தொடர்பாக இன்னும் தெரியாதவை எவை, அவை எப்போது தெரியும், மோசமாக இருந்தால் என்ன வழிகள் என்பதை மருத்துவர் பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும். அது அவர்களுடைய உரிமை. உங்களிடம் சொல்லப்படவில்லை என்றால் கேளுங்கள்.

இடைப்பட்ட வாரங்களில் தாய் கவனிக்க வேண்டிய விஷயம் வலி மாத்திரை. டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்றவை டக்டஸைச் சுருக்கும் தன்மை உள்ளவை. டக்டஸ் சுருங்கினால் வலது கீழறையின் ரத்தம் முழு வேகத்தில் நுரையீரலுக்குள் தள்ளப்பட்டு, நாளங்களின் சுவர் தடித்துப்போகும். பிறந்த பிறகு அவை தளர மறுக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் 20 வாரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகள் இந்த வகை மருந்துகளைத் தவிர்க்க வேண்டும் என்று எச்சரித்தது. நம் ஊரில் இடுப்பு வலிக்கும் பல் வலிக்கும் மருந்துக் கடையிலேயே இவற்றை வாங்கி விழுங்கும் பழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வலி நிவாரணத் தைலம், ஊசி ஆகியவற்றையும் மருத்துவரிடம் காட்டிய பிறகே பயன்படுத்துங்கள். ரத்த அழுத்தம் ஏறாமலிருக்க மகப்பேறு மருத்துவர் எழுதித் தந்த குறைந்த அளவு ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அந்த எச்சரிக்கையில் அதற்கு விலக்கு உண்டு. எப்ஸ்டீன் குறையில் மேலே சொன்ன வீண் சுழற்சியை நிறுத்த, இதே வகை மருந்தைக் கொடுத்து டக்டஸை வேண்டுமென்றே சுருக்கும் சிகிச்சையும் இருக்கிறது. ஆனால் அது ஒவ்வொரு நாளும் எக்கோ பார்த்துக்கொண்டு மருத்துவமனையில் செய்ய வேண்டியது.

30 வாரத்துக்குப் பிந்தைய எக்கோ முடிந்ததும், அறிக்கையில் எண்களோடு சில வரிகள் எழுத்தில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள்: நுரையீரல் சிரைகளின் டாப்ளர் எப்படி, மேலறைச் சுவரின் திறப்பு எப்படி, டக்டஸ் ஓட்டம் எந்தத் திசையில், பிறந்தவுடன் புரோஸ்டாகிளாண்டின் தேவையா, கேத் லேப் தயாராக இருக்க வேண்டுமா. டிரான்ஸ்பொசிஷன் அல்லாத குறைகளில், கடைசி இரண்டு கேள்விகளுக்கும் தேவையில்லை என்று விடை வந்தால், குழந்தைகள் இதய மருத்துவர் உள்ள, என்.ஐ.சி.யூ. (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) வசதியுள்ள மருத்துவமனையிலேயே பிரசவம் நடக்கலாம். எதற்காவது தேவை என்று வந்தால், குழந்தைகளுக்கான இதய அறுவை வசதியுள்ள நகரத்தில், 36ஆம் வாரத்துக்குள்ளேயே போய்த் தங்கிவிடுவது நல்லது. வலி வந்த பிறகு ஆம்புலன்ஸில் புறப்படலாம் என்று திட்டமிடாதீர்கள். தாயின் வயிற்றுக்குள் இருக்கும்போது அழைத்துச் செல்வதைப்போலப் பாதுகாப்பான பயணம் இந்தக் குழந்தைக்கு வேறு எதுவும் கிடைக்காது. தமிழ்நாட்டில் இருப்பவர்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்து வைத்துக்கொண்டு, தேர்ந்தெடுத்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சைக்கு அது செல்லும் என்று விசாரித்துவிடுங்கள். 36ஆம் வாரத்தில் ஒருமுறை சிரை டாப்ளரைப் பார்த்து, அந்த அறிக்கையின் நகலைப் பிரசவ வார்டு, என்.ஐ.சி.யூ., குழந்தைகள் இதய மருத்துவர் ஆகிய மூவரிடமும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். குழந்தை இரவு இரண்டு மணிக்குப் பிறந்தாலும், வார்டில் இருக்கும் பணி மருத்துவர் அதைப் பார்த்து முதல் ஐந்து நிமிடத்தில் செய்ய வேண்டியதைச் செய்யத் தொடங்கிவிடுவார்.